அக்கா பார்த்த வரன்

ஊருக்கெல்லாம் வரன் பார்த்துக் கொடுக்கிறவள் அன்புக்கரசி. செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இருக்கிற திருமணத் தகவல் மையத்துக்குப் படியேறும்போதே அவள் குரல் கேட்டுவிடும். “வாங்க, உக்காருங்க. பொண்ணுக்கா, பையனுக்கா?” அந்தக் குரலைக் கேட்டாலே பெற்றவர்களுக்குப் பாதிக் கல்யாணம் முடிந்த தெம்பு வந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவள் தன் சொந்தத் தம்பிக்குப் பார்த்துக் கொடுத்த ஆளைச் சந்திக்கத்தான், போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி எழில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். அம்மாவிடம் சிநேகிதன் வீட்டுக்கு என்று சொன்னான். அக்காவுக்கு மட்டும் ‘கிளம்பிட்டேன்’ என்று ஒரு வரி தட்டிவிட்டான். அவளும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையைப் பதிலுக்கு அனுப்பிவிட்டு, தோசை ஊற்றப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு தம்பியிடமிருந்து பேச்சுமூச்சு இல்லை. பேசிக்கொண்டிருப்பார்கள், நாம் ஏன் நடுவில் என்று அவளும் பெருந்தன்மையாக விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை. ஆவணி பிறந்துவிட்டதால் மையத்தில் உட்கார இடமில்லை. மேல்சித்தாமூரிலிருந்து வந்த ஒரு அம்மாள், “பையன் அரசாங்க வேலையா இருந்தா பரவால்ல, தூரமா இருந்தாலும்” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் பிறந்த வீடு இருக்கிற வல்லத்திலிருந்து போன் வந்தது. அம்மா வசந்தா.

“அன்பு, உன் தம்பி நேத்து வண்டியிலேர்ந்து விழுந்துட்டானாம். ஒதடு கிழிஞ்சிருக்குது. போனையும் காணோங்கிறான். ராத்திரிலேர்ந்து பச்சத்தண்ணி உள்ள எறங்கல, லேபுக்கும் போவல. கதவ சாத்திக்கினு கெடக்குறான். நீ கொஞ்சம் வந்து கேளேன். உங்கிட்டன்னா சொல்லுவான்.”

வண்டியிலிருந்து விழுந்தால் உதடு கிழியும், சரி. போன் எப்படித் தொலையும்?

மேல்சித்தாமூர் அம்மாளை அப்படியே உட்கார வைத்துவிட்டு, ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

திண்டிவனம் ரோட்டில் அவள் போய்ச் சேருவதற்குள், இந்தக் குடும்பத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எழிலுக்கு இருபத்தெட்டு வயது, செஞ்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. “ஊருக்கெல்லாம் பாக்குற, உன் தம்பிக்கு ஒரு பொண்ணு பாக்க மட்டும் கை வலிக்குதா?” என்று வசந்தா மகளை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அந்த நச்சரிப்பு பொறுக்காமல்தான் அவன் ஒருநாள் அக்காவைத் தனியே அழைத்துப்போய் உண்மையைச் சொன்னான். தனக்குப் பெண்கள்மேல் நாட்டம் கிடையாது, ஆண்கள்மேல்தான் என்றான்.

அவள் அழுதாள். அப்புறம் அவனைக் கட்டிக்கொண்டு, “எப்பவும் நீ என் தம்பிதான்டா” என்றாள். அதுவரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதற்கப்புறம்தான் அவளுடைய தொழில் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது.

எழில் ஏற்கெனவே, ஆண்கள் ஆண்களோடு பழகுவதற்கென்று இருக்கிற ஒரு ஆப்பில் இருந்தான். அதில் போட்டோ மங்கலாகத்தான் தெரியும். இன்னாருக்குக் காட்டு என்று நாம் அனுமதித்தால்தான் தெளியும். ஊரையும் தூரத்தையும் மறைத்து வைத்துக்கொள்ளலாம். ஆள் நிஜமா என்று பார்க்க, சேரும்போதே முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் படமெடுக்கச் சொல்லும். அங்கே பழக்கமானவன்தான் விமல்ராஜ். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. மாதக்கணக்கில் பேசியும் சந்திக்க அவசரப்படாதவன். சந்தித்தால் பகலில், நாலு பேர் வந்துபோகிற ஓட்டலில் என்று அவனே சொல்லியிருந்தான்.

அன்புக்கரசிக்கு இதில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

“மூஞ்ச மறைச்சுக்கினு இருக்கிறவன் இன்னாடா யோக்கியன்? சொந்த ஊரு இல்ல, அப்பன் பேரு இல்ல. இதுல எவன நம்புறது?”

அவளே தேடி அதே மாதிரி இன்னொரு ஆப்பைப் பிடித்தாள். முழுக்கத் தமிழில் இருந்தது. யார் யார் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டியது. அதைப் பார்த்ததும் தன் மையத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதுபோல அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. தம்பியின் விவரங்களை அவளே நிரப்பினாள். பளிச்சென்று முகம் தெரிகிற போட்டோ. லேபின் பெயர். சொந்த ஊர் வல்லம். கடைசியில் தொடர்புக்கு என்று தன் செல் நம்பரையும் எழுதினாள். மாப்பிள்ளைப் பையனின் நம்பரை யாராவது கொடுப்பார்களா? வீட்டுப் பெரியவங்க நம்பரைத்தான் கொடுப்பது வழக்கம்.

முதல் வாரமே ‘சேரன், அவலூர்பேட்டை’ என்று ஒருவன் வந்தான்.

“டேய், நம்ம பக்கத்துப் பையன்டா! ஆளும் களையா இருக்கிறான். அம்பத்தூர்க்காரன எவன் கண்டான்?”

“விமல் சொல்லுவாருக்கா, கிட்டத்துல இருக்கிறவங்ககிட்டதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்னு.”

“அவரு அப்படித்தான் சொல்லுவாரு. கை நழுவிப் போயிடுமில்ல!” என்று சிரித்தாள் அக்கா. தம்பியும் சிரித்தான். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஒரு நம்பிக்கை.

வல்லத்து வீட்டு வாசலில் வசந்தா ரேஷன் பையோடு தயாராக நின்றாள். “பாமாயில் போடுறாங்களாம், விட்டா தீந்துடும். நீ பேசிக்கினு இரு. கஞ்சி ஆத்தி வெச்சிருக்கேன், அதட்டிக் குடிக்க வையி.” பிள்ளைகள் நைனா என்று கூப்பிடுகிற அப்பா ஆதிமூலம் விடியற்காலையிலேயே கொல்லைக்காட்டுக்குப் போய்விட்டார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் சமயம், கூலி ஆட்கள் வந்திருந்தார்கள்.

“எழிலு, நான்டா.”

தாழ்ப்பாள் விலகியது. அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கேட்க வேண்டியது எதுவும் இல்லாமல் போயிற்று. கன்னத்தில் நாலு விரல் அப்படியே பதிந்திருந்தது.

“யாருடா அடிச்சது? அந்த சேரனா?”

“கூட ரெண்டு பேருக்கா.” அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்தே பேசினான். “போட்டோல இருந்தவனேதான் வந்தான். நல்லாதான் பேசினான். ரோட்டுல வேணாம், எங்க கெணத்து மோட்டார் கொட்டாய்ல உக்காந்து பேசலாம்னான். போனா உள்ள ஆளுங்க நிக்கிறாங்க. என் வெரலப் புடிச்சு வெச்சே போனத் தெறந்தாங்க. சட்டையக் கழட்டச் சொன்னாங்க. பேரு, ஊரு, நைனா பேரு, எதுக்கு வந்தேன்றது, எல்லாத்தையும் என் வாயாலயே சொல்லச் சொல்லி வீடியோ எடுத்தாங்க.”

“நீ சொன்னியா?”

“சொல்லாதப்பதான்க்கா அறைஞ்சான்.”

“ஐயோ, நான் அப்பவே…” என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள். அப்பவே என்ன சொன்னாள்? போ என்றுதான் சொன்னாள். போட்டோவைத் தேர்ந்தெடுத்தது அவள். ஆளைத் தேர்ந்தெடுத்தது அவள். நீலச் சட்டை உனக்கு எடுப்பாக இருக்கும் என்று சட்டை வரைக்கும் சொல்லி அனுப்பியதும் அவள்தான்.

“என்னைத் திட்டுடா எழிலு. நாலு வார்த்த நல்லா கேளு.”

“உன்ன இன்னாத்துக்குத் திட்டணும்? நீ நல்லதுதானே நெனச்ச.”

அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கஞ்சி டம்ளரைக் கையில் கொடுத்தாள். அவன் வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. திரையில் தம்பியின் பெயரும் படமும். தம்பியோ எதிரில் உட்கார்ந்திருக்கிறான். எடுத்துக் காதில் வைத்தாள்.

“வணக்கம்க்கா. சேரன் பேசுறேன்.” ரொம்ப மரியாதையான குரல். மையத்துக்கு வந்திருந்தால் நல்ல பையன் என்று முதல் பார்வையிலேயே குறித்து வைத்திருப்பாள். “தொடர்புக்குன்னு நீங்கதானே நம்பர் போட்டிருந்தீங்க? அதான் உங்ககிட்டயே பேசிடலாம்னு. கல்யாண ஆபீஸ்ல வேலையாமே. அங்க வர்றவங்களுக்கெல்லாம் உங்க தம்பி வீடியோ போனா நல்லாவா இருக்கும்? சாயங்காலத்துக்குள்ள பணம் வந்துடணும்க்கா. இல்லன்னா உங்க நைனா நம்பரு இந்தப் போன்லயே இருக்குது.”

தொகையைச் சொன்னான். அவள் பதில் பேசுவதற்குள் வைத்துவிட்டான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நம் அன்புக்கரசியைக் காப்பாற்ற எனக்கும் ஆசைதான், ஆனால் முடியவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் அவள் மனசு முதலில் ஓடியது தம்பியிடம் இல்லை, நைனாவிடமும் இல்லை. மருந்துக்கடை மாடிக்குத்தான் ஓடியது. சே, நானும் ஒரு மனுஷியா என்று அடுத்த நொடியே தன்னைக் காறித் துப்பிக்கொண்டாள்.

கழுத்துச் சங்கிலியைக் கழற்றத் தொடங்கினாள். “செஞ்சிக்குப் போயி அடகு வெச்சுட்டு வந்துடுறேன். தொல்லை ஒழிஞ்சுதுன்னு குடுத்துடுவோம்.”

“வேணாம்க்கா.”

“நைனாவுக்குத் தெரிஞ்சா இன்னாடா ஆவும்? நெனச்சிப் பாத்தியா?”

“ராத்திரி பூரா அதத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். இன்னிக்குக் குடுத்தா மறுபடி கேப்பானுங்க. குடுக்கக் குடுக்கக் கேப்பானுங்க. உன் போனக் குடு.”

மனப்பாடமாக இருந்த ஒரு நம்பரை அவன் அழுத்தினான். அந்தப் பக்கம் மணி ஒன்று முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

“யாருங்க? …எழிலா! எங்க போயிட்டீங்க? நேத்துலேர்ந்து ஆள் அட்ரஸே இல்ல, நான் பதறிப்போயிட்டேன்.”

எழில் நடந்ததை நாலைந்து வாக்கியத்தில் சொன்னான். “நீங்க சொன்னதக் கேக்காம போயிட்டேன் விமல்” என்று முடித்தான். எங்க அக்கா போகச் சொன்னாள் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. பக்கத்தில் நின்ற அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

“அத விடுங்க. முழுசா வீடு வந்து சேந்தீங்களே, அது போதும். பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

“அக்கா இருக்காங்க.” ஸ்பீக்கரைப் போட்டான்.

“அக்கா, பயப்படாதீங்க. பணம் மட்டும் குடுத்துடாதீங்க. அவன் பேசினது, அனுப்பினது எதையும் அழிக்காதீங்க. எழிலோட பாஸ்வேர்டெல்லாம் இப்பவே மாத்திடுங்க. சைபர் கிரைம் நம்பர் 1930க்குப் போன் பண்ணிச் சொல்லிட்டு, ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க. எழில் தப்பு ஒண்ணும் பண்ணல. ஆம்பளைக்கு ஆம்பளையப் புடிக்கிறது குத்தமில்லன்னு கோர்ட்டே சொல்லியாச்சு. மிரட்டுறவன்தான் குத்தவாளி. என் சிநேகிதன் ஒருத்தனுக்கும் இதே கதிதான்க்கா. அவன் யாருக்கும் சொல்லாம குடுத்துக்கிட்டே இருந்தான்…” குரல் உடைந்தது. “தனியா போகத் தயக்கமா இருந்தா சொல்லுங்க, நான் இப்பவே பஸ் ஏறுறேன்.”

“சரிங்க தம்பி” என்றாள் அன்புக்கரசி. ஊர் பெயர் இல்லை, அப்பன் பெயர் இல்லை என்று அவள் ஒதுக்கித் தள்ளிய ஆள். அவன் குரலை இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறாள்.

அக்காவும் தம்பியுமாக அவள் போனிலேயே பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருந்தபோது வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. இந்த நேரத்துக்கு நைனா வீட்டுக்கு வருகிறவர் இல்லை. கூலி ஆட்களை விட்டுவிட்டு நடுவில் வந்தாரென்றால் என்ன ஏதோ.

ஆதிமூலம் கையெல்லாம் செம்மண்ணோடு உள்ளே வந்தார். அந்த மண் கையிலேயே போனைப் பிடித்திருந்தார். அந்தப் படுபாவி சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கவில்லை.

“எவனோ ஒருத்தன் உன் போன்லேர்ந்து பேசினான்” என்றார் மகனைப் பார்த்து. “உன் புள்ள ஆம்பளையத் தேடிக்கினு போறவன்னான். வீடியோ இருக்குதுன்னான். வெச்சிட்டேன். ஆளுங்க பக்கத்துல நிக்கிறாங்க.” அவருக்கு மூச்சு வாங்கியது. “இன்னாடா இது? நெசமா?”

அன்புக்கரசி தம்பியின் கையைப் பிடித்தாள். அவன் மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

“வீடியோ அவனுங்க அடிச்சு மிரட்டி எடுத்தது நைனா. ஆனா அவன் சொன்னது நெசந்தான். எனக்கு ஆம்பளைங்களதான் புடிக்கும். வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்தே இப்படித்தான். மாத்திக்க முடியல.”

ஆதிமூலம் சுவரில் கையை ஊன்றினார், சுண்ணாம்பில் மண் அப்பியது. மகள் பக்கம் திரும்பினார்.

“உனக்கு இது தெரியுமா?”

“அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது நைனா” என்றான் எழில் சட்டென்று. “இப்பதான் வந்துச்சு.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் தப்பித்துவிடலாம். நைனா கேட்டதற்குத் தம்பி பதில் சொல்லியாகிவிட்டது, அதை யாரும் கிளறப்போவதில்லை. ஆனாலும் பாருங்கள், அந்த உதட்டுக் காயத்தோடு அவன் அவளுக்காகப் பொய் சொன்னதை அவளால் தாங்க முடியவில்லை.

“தெரியும் நைனா. அவன் பொய் சொல்றான். எல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். அவனுக்கு அந்த ஆளப் பாத்துக் குடுத்ததே நான்தான். அவன் ஜாக்கிரதையா இருக்கணும்னுதான் சொன்னான். நான்தான் போடான்னு அனுப்பி வெச்சேன்.”

ஆதிமூலம் கத்துவார், கையை ஓங்குவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் குரலோ எழும்பவே இல்லை.

“உன் ஆபீசுக்கு வந்த குஞ்சம்மா பேத்திக்கு ஒரு பையன் வந்தப்ப இன்னா பண்ண? பஸ் ஏறி அவன் ஊருக்கே போன. டீக்கடையில கேட்ட, முடிவெட்டுற கடையில கேட்ட, அவன் வேல செஞ்ச எடத்துல கேட்ட. குடிக்கிறவன், வேணாம்னு வந்து சொன்ன. அது யார் ஊட்டுப் பொண்ணோ. என் புள்ளைக்கு எத்தினி பேர விசாரிச்ச?”

“யாரையும் கேக்கல நைனா.”

“ஏன்?”

“விசாரிச்சா யாருக்கு, எதுக்குன்னு கேப்பாங்களே. சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் எழில் அங்கேயே நிற்பது அவளுக்கு உறைத்தது. அவன் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டார் கொட்டகையில் நடந்ததைச் சொன்னபோதுகூட அழாதவன், இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“எழிலு, நான் அப்படி நெனச்சி…”

“இருக்கட்டும்க்கா.” அவன் நைனா பக்கம் திரும்பினான். “நான் ஸ்டேஷனுக்குப் போறேன் நைனா. நீ வரியா?”

ஆதிமூலம் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து, மகன் முகத்தைப் பார்க்காமலேயே, “வண்டிய எடு” என்றார். அதில் கோபம் எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று அன்புக்கரசியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவளும் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். “அவன் எனக்குப் பேசினதெல்லாம் என் போன்லதான் இருக்குது, நானும் வரேன்.”

“போன மட்டும் குடு. நீ வர வேணாம்” என்றான் எழில். நைனா பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். வண்டியைக் கிளப்பியவன், காலை ஊன்றிக்கொண்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை.

“அம்மா வந்தா நீயே சொல்லிடு. வெக்கமா இருந்தா விட்டுடுக்கா, நான் வந்து சொல்லிக்கிறேன்.”

வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, எதிரில் ரேஷன் பையோடு வசந்தா வந்துகொண்டிருந்தாள். கணவனும் மகனும் ஒரே வண்டியில் போவதை நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, பையைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு ஷோபனாவும் பின்னாலேயே பாமாயில் பாக்கெட்டோடு வந்து நின்றாள்.

“இன்னாடி அன்பு, அப்பனும் புள்ளையும் இவ்ளோ அவசரமா எங்க போறாங்க? ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? இன்னா ஆச்சு, வாயத் தொறந்து சொல்லு.”